மூச்சு, மனம், மருந்து: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவரின் பதில்கள்

யோகா, தியானம், மூச்சுப் பயிற்சி, அக்குபங்சர் (மெல்லிய ஊசி குத்தும் சீன மருத்துவ முறை) போன்றவற்றை வழக்கமான சிகிச்சையோடு சேர்த்துக் கைக்கொள்வது பற்றி இம்முறை நிறையக் கேள்விகள் வந்துள்ளன. ஒரே பொருளைக் கேட்டவற்றை ஒன்றாக்கியிருக்கிறேன். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் எவர் பெயரும் இங்கே இல்லை.

கேள்வி: எனக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாக ஆஸ்துமா உள்ளது. ஐந்து மாதங்களாக நாள்தோறும் அரை மணி நேரம் மூச்சுப் பயிற்சி செய்கிறேன். திணறல் வெகுவாகக் குறைந்துவிட்டது. காலையும் இரவும் எடுத்துவரும் இன்ஹேலரை இனி நிறுத்திவிடலாமா?

பதில்: இன்ஹேலரை நிறுத்த வேண்டாம், பயிற்சியையும் நிறுத்த வேண்டாம். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதற்குக் காரணம் உண்டு.

2011ஆம் ஆண்டு ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் ஒரு சிறிய ஆய்வு வெளியானது. ஆஸ்துமா உள்ள ஏறத்தாழ நாற்பது பேருக்கு, வெவ்வேறு நாட்களில், மூச்சுக்குழலை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்துள்ள இன்ஹேலர், மருந்தே இல்லாத போலி இன்ஹேலர், போலி அக்குபங்சர் ஆகியவற்றைக் கொடுத்தார்கள். சில நாட்களில் ஒன்றும் கொடுக்காமல் வெறுமனே காத்திருக்கச் செய்தார்கள். ‘இப்போது எப்படி இருக்கிறது?’ என்று கேட்டபோது, உண்மை மருந்துக்கு 50 விழுக்காடும், போலி இன்ஹேலருக்கு 45 விழுக்காடும், போலி அக்குபங்சருக்கு 46 விழுக்காடும் தேறியதாகச் சொன்னார்கள். வெறுமனே காத்திருந்தபோது அது 21 விழுக்காடுதான். இதை மட்டும் பார்த்தால் போலியும் மருந்தும் ஏறக்குறைய ஒன்று. ஆனால் முதல் வினாடியில் அவர்களால் ஊதித் தள்ள முடிந்த காற்றைக் கருவியில் அளந்தபோது, உண்மை மருந்து 20 விழுக்காடு முன்னேற்றம் தந்திருந்தது. மற்ற மூன்றும் 7 விழுக்காட்டு அளவிலேயே நின்றுவிட்டன.

அந்த நோயாளிகள் பொய் சொல்லவில்லை, ஏமாளிகளும் அல்லர். மூச்சுத் திணறல் என்பது இரண்டு சேர்ந்தது: சுருங்கி வீங்கிய மூச்சுக்குழல் ஒன்று, அதைக் கண்டு மூளை எழுப்பும் அபாய உணர்வு மற்றொன்று. கவனிப்பும் நம்பிக்கையும் பயிற்சியும் இரண்டாவதை அடக்குகின்றன, அந்த நிவாரணம் உண்மையானதே. முறையாகக் கற்ற மூச்சுப் பயிற்சி ஆஸ்துமா உள்ளவர்களின் அன்றாட வாழ்க்கையை இலகுவாக்குவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. நுரையீரல் அளவீடுகளை அது பெரிதாக மாற்றியதாகக் காட்டவில்லை. அபாய மணி அடங்கிவிட்டது என்பதற்காகத் தீ அணைந்துவிட்டது என்று கொள்ள முடியாது.

நீங்கள் காலையும் இரவும் எடுப்பது பெரும்பாலும் ஸ்டீராய்டு கலந்த தடுப்பு இன்ஹேலராக இருக்கும். அதை நிறுத்திய அன்றே ஒன்றும் ஆகிவிடாது. அழற்சி சில வாரங்களில் மெல்லத்தான் திரும்பி வரும். அதனால் நிறுத்திய முதல் இரண்டு வாரங்கள் வெற்றி போலவே தோன்றும், அங்கேதான் பலர் தவறுகிறார்கள். ‘பீக் ஃப்ளோ மீட்டர்’ என்ற சிறிய குழாய்க் கருவி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். நின்றபடி மூச்சை முழுதாக இழுத்து, உதடுகளால் கருவியை இறுகப் பற்றி, ஒரே வீச்சில் வேகமாக ஊதுங்கள். மூன்று முறை ஊதி, அவற்றுள் உயர்ந்த எண்ணைக் குறித்து வையுங்கள். காலையும் மாலையும் குறித்த ஏட்டோடு மருத்துவரிடம் செல்லுங்கள். மூன்று மாதங்களாக நோய் நன்கு கட்டுக்குள் இருந்தால் மருந்தின் அளவை அவரே படிப்படியாகக் குறைக்கக்கூடும். அப்போது குறைவது உங்கள் ஊகத்தினால் அன்று, அளவீட்டினால்.

கேள்வி: மெதுவாக மூச்சு விட்டால் மனம் அமைதியடையும் என்கிறார்கள். இதற்கு உடலியல் காரணம் ஏதேனும் உண்டா, அல்லது நம்பிக்கை மட்டும்தானா?

பதில்: உண்டு, அதை உங்கள் மணிக்கட்டிலேயே தொட்டறியலாம். வலக்கையின் நடு மூன்று விரல்களை இடது மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக மெல்ல வையுங்கள். நாடி பிடிபட்டதும் ஐந்து வினாடி மூச்சை இழுத்து, ஐந்து வினாடி விடுங்கள். நான்கைந்து சுற்றுக்குள், இழுக்கும்போது துடிப்புகள் சற்று நெருங்கியும் விடும்போது விலகியும் வருவது விரலுக்குத் தெரியும். மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு இதயத் துடிப்புக்குப் பிரேக் போன்றது. மூச்சை இழுக்கும்போது அதன் பிடி தளர்கிறது, விடும்போது இறுகுகிறது. இளையோரிடம் இது தெளிவாகத் தெரியும். வயது ஏறினாலோ, நீண்டகால நீரிழிவு நரம்புகளைத் தாக்கியிருந்தாலோ மங்கிவிடும். ஆகவே விரலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை என்று பதற வேண்டாம்.

நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற வேகத்துக்குத் தனிச்சிறப்பு உண்டு. இரத்த அழுத்தமும் ஏறத்தாழ பத்து வினாடிக்கு ஒரு முறை சிறு அலையாக ஏறி இறங்குகிறது. மூச்சு அந்த அலையோடு ஒத்துப்போகும்போது, அழுத்தத்தைச் சீர்செய்யும் உணர்விகள் கூர்மையாக வேலை செய்கின்றன. 2001இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் வெளிவந்த ஆய்வொன்றில், 23 பேரை இலத்தீன் மொழியில் ஜெபமாலை சொல்லவும், பிறகு ஒரு மந்திரத்தை உருவேற்றவும் வைத்தார்கள். இரண்டிலும் மூச்சு தானாகவே நிமிடத்துக்கு ஆறு அளவுக்கு இறங்கியது. வெவ்வேறான இரண்டு வழிபாட்டு மரபுகள் ஒரே தாளத்தில் வந்து நின்றது எனக்கு இன்றும் வியப்புத்தான்.

இதனால் இரத்த அழுத்த மாத்திரையை விட்டுவிடலாமா என்று அடுத்த கேள்வி வரும் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன்: பயிற்சியால் குறையும் அளவு சிறியது, அது மாத்திரைக்கு உதவியே தவிர ஈடாகாது. மேலும், வேகவேகமாக மூச்சை வெளித்தள்ளும் பயிற்சிகள் இதற்கு நேர் எதிரானவை. அவற்றில் இரத்தத்தின் கரியமில வாயு குறைந்து, மூளையின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன; தலைசுற்றலும் விரல் நுனிகளில் மதமதப்பும் அதனால்தான் வருகின்றன, ஏதோ ஆற்றல் விழித்தெழுவதால் அன்று. கருவுற்றவர்களும் வலிப்பு நோயுள்ளவர்களும் கட்டுக்கடங்காத இரத்த அழுத்தமுள்ளவர்களும் அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

கேள்வி: மூன்று ஆண்டுகளாக முதுகு வலி. ஸ்கேனில் பெரிதாக ஒன்றுமில்லை என்கிறார்கள். என் மருத்துவர் தியான வகுப்பில் சேரச் சொல்கிறார். என் வலி வெறும் கற்பனை என்று நாசூக்காகச் சொல்கிறாரா?

பதில்: அப்படி இராது என்றே எண்ணுகிறேன், ஆனால் அப்படித் தோன்றும்படி அவர் சொல்லியிருந்தால் குறை அவருடையதே.

விரல் நசுங்கினால் நாம் உடனே அதை இன்னொரு கையால் அழுத்தித் தேய்க்கிறோம், வலி சற்று அடங்குகிறது. 1965இல் மெல்சாக், வால் என்ற இரு அறிஞர்கள் இதற்கொரு விளக்கம் தந்தார்கள்: தண்டுவடத்தில் ஒரு கதவு போன்ற அமைப்பு உண்டு, தொடு உணர்வும் மூளையிலிருந்து இறங்கும் ஆணைகளும் அதைச் சாத்தவோ திறக்கவோ செய்கின்றன. நுணுக்கங்கள் பிற்பாடு திருத்தப்பட்டாலும், காயத்தின் அளவே வலியின் அளவு என்ற பழைய கணக்கு அன்றோடு உடைந்தது. மாதக் கணக்கில் நீடிக்கும் வலியில், தசை ஆறிய பிறகும் நரம்பு மண்டலம் கூருணர்வோடு விழித்தே இருப்பதுண்டு. ஸ்கேனில் அது தெரியாது. வலியோ முழுக்க உண்மை.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் 1979இல் ஜான் கபட்-ஜின் தொடங்கிய மைண்ட்ஃபுல்னஸ் (அந்தந்தக் கணத்தில் நிகழ்வதை அப்படியே கவனிக்கும் தியானம்) பயிற்சிக்கு முதலில் வந்தவர்களுள் பலர், மற்றச் சிகிச்சைகளில் குணம் காணாத நாட்பட்ட நோயாளிகள்தாம். வாரம் ஒரு வகுப்பாக எட்டு வாரங்கள், வீட்டில் நாள்தோறும் பயிற்சி என்பது அதன் அமைப்பு. வலியை விரட்டக் கற்றுத்தருவதில்லை. வலி எழும்போது இடுப்புத் தசை இறுகுவது ஒன்று, ‘இது இனிப் போகவே போகாது’ என்ற எண்ணம் எழுவது ஒன்று, வலி என்பது வேறொன்று. மூன்றையும் தனித்தனியே பார்க்கப் பழக்குகிறார்கள். 342 பேரைக் கொண்டு நடந்து 2016இல் வெளியான ஆய்வில், ஆறு மாத முடிவில் அன்றாடச் செயல்பாட்டில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டவர்கள் இந்தப் பயிற்சி பெற்றோரில் 100க்கு ஏறத்தாழ 60 பேர். எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசி மாற்றும் அறிதல்-நடத்தைச் சிகிச்சை பெற்றோரில் 58 பேர். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றோரில் 44 பேர். அற்புதம் என்று சொல்லும் வேறுபாடு அன்று, ஒதுக்கித்தள்ளும் வேறுபாடும் அன்று. 2017இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் சங்கம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், நாட்பட்ட முதுகு வலிக்கு மாத்திரைகளுக்கு முன்பே உடற்பயிற்சி, மைண்ட்ஃபுல்னஸ், தாய்ச்சி என்ற மெதுவான சீன அசைவுப் பயிற்சி, யோகா, அக்குபங்சர் ஆகியவற்றை முயலச் சொல்கின்றன. உங்கள் மருத்துவர் அதைத்தான் செய்திருக்கிறார்.

கால் வலுவிழத்தல், சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாடின்றிப் போதல், காய்ச்சல், காரணமற்ற எடைக் குறைவு ஆகியவற்றுள் எது சேர்ந்தாலும் தியான வகுப்புக்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கேள்வி: எனக்கு கிளாக்கோமா (கண் அழுத்த நோய்) உள்ளது. தலைகீழாக நிற்கும் ஆசனத்தைத் தொடரலாமா?

பதில்: கூடாது. அந்நிலையில் கண்ணின் உள்ளழுத்தம் மிகுதியாக உயரும். தலை இதயத்துக்குக் கீழே தாழும் மற்ற நிலைகளிலும் ஓரளவு உயரும். உங்கள் யோகா ஆசிரியருக்கு இந்த நோய் பற்றி இன்றே தெரிவியுங்கள்.

கேள்வி: மனச்சோர்வுக்காக மூலிகை மாத்திரை ஒன்று எடுத்து வருகிறேன். இயற்கையானதுதானே என்று என் இதய மருத்துவரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமா?

பதில்: கட்டாயம் சொல்ல வேண்டும். மனச்சோர்வுக்காக உலகெங்கும் விற்கப்படும் செயின்ட் ஜான்ஸ் வொர்ட் என்ற மூலிகையையே எடுத்துக்கொள்வோம். மிதமான மனச்சோர்வில் அது பயன்தருவதாகப் பல ஆய்வுகள் உண்டு. பயன்தரும் பொருள் என்பதாலேயே அது மற்ற மருந்துகளோடு மோதவும் செய்கிறது. மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளை அது முடுக்கிவிடுவதால், இரத்தம் உறையாதிருக்கத் தரும் வார்ஃபரின், கருத்தடை மாத்திரை, எச்.ஐ.வி. மருந்துகள் சில ஆகியவற்றின் அளவு இரத்தத்தில் இறங்கிவிடும். இதய மாற்று அறுவை செய்துகொண்ட இருவர் இதை எடுத்ததால், மாற்று உறுப்பை உடல் நிராகரிக்காமல் காக்கும் சைக்ளோஸ்போரின் மருந்தின் அளவு சரிந்து, பொருத்திய இதயத்தை உடல் ஏற்க மறுத்த நிகழ்வு 2000இல் மருத்துவ இதழில் பதிவாகியுள்ளது. மனச்சோர்வுக்கான ஆங்கில மருந்துகள் சிலவற்றோடு சேர்ந்தால் செரோட்டோனின் என்ற நரம்பு வேதிப்பொருள் ஆபத்தான அளவுக்கு ஏறக்கூடும்.

மூலிகையில் இல்லாத பொருள் மாத்திரையில் இருக்கவும் கூடும். 2004இல் வெளியான ஆய்வொன்றில், போஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தபோது 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. மரபு மருத்துவம் முழுவதையும் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை; எதை உட்கொள்கிறோம் என்பது எழுதப்பட்டும் சோதிக்கப்பட்டும் இருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

நோயாளிகள் சொல்லாததற்குப் பாதிக் காரணம் மருத்துவர்களாகிய நாங்கள் கேட்காததும், கேட்டாலும் முகம் சுளிப்பதும்தான். நானும் அப்படி இருந்தவன்தான். அடுத்த முறை செல்லும்போது, வீட்டிலுள்ள மாத்திரை, சூரணம், தைலம், சத்து மருந்து அனைத்தையும் புட்டிகளோடு ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று அவர் மேசைமேல் வையுங்கள். பெயரை நினைவுபடுத்திச் சொல்வதைவிட அதுவே எளிது.

கேள்வி: என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். அறுவை முடிந்துவிட்டது. ‘எல்லாவற்றையும் மனத்துக்குள் அடக்கி வைத்ததால்தான் வந்தது, மனம் வைத்தால் போய்விடும்’ என்கிறார்கள் உறவினர்கள். கீமோதெரபி வேண்டாம், தியானமும் உணவுக் கட்டுப்பாடுமே போதும் என்று ஒருவர் அறிவுரை சொல்ல, அக்கா தடுமாறுகிறார். நான் என்ன சொல்வது?

பதில்: முதலில், இந்த நோய் அவர் செய்த தவறினால் வந்ததன்று என்று சொல்லுங்கள். அழுகையை அடக்கியதால் புற்றுநோய் வரும் என்பதற்குத் தக்க சான்று இல்லை. நோயோடு போராடுபவர் தலையில் குற்ற உணர்வையும் ஏற்றுவது கொடுமை. அன்பினால் சொல்லப்படுவதால் அது கொடுமை இல்லையென்று ஆகிவிடாது.

மனம் வைத்தால் ஆயுள் நீளும் என்ற எண்ணம் பரவியதற்கு ஓர் ஆய்வும் காரணம். 1989இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டேவிட் ஸ்பீகல், நோய் முற்றிப் பரவிய 86 பெண்களிடம் நடத்திய ஆய்வை வெளியிட்டார். வாரந்தோறும் குழுவாகக் கூடி மனம்விட்டுப் பேசியவர்கள், மற்றவர்களைவிடச் சராசரியாக ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. ஆனால் 2001இல் 235 பெண்களைக் கொண்டு கனடாவில் நடந்த ஆய்வில் ஆயுள் நீளவில்லை. 2007இல் ஸ்பீகல் தாமே 125 பெண்களைக் கொண்டு மீண்டும் செய்து பார்த்தார். மொத்தத்தில் ஆயுள் நீளவில்லை என்ற முடிவை அவரே வெளியிட்டார். தமக்குப் புகழ் தேடித்தந்த முடிவைத் தாமே சோதித்து, கிடைக்கவில்லை என்று ஒப்புக்கொண்ட அந்த நேர்மையால் அவர்மேல் எனக்கு மதிப்புக் கூடியது. அதே 2001ஆம் ஆண்டு ஆய்வில் வேறொன்றும் தெரிந்தது: குழுவில் பேசியவர்களுக்கு மனத்துயரமும் வலியும் குறைந்திருந்தன. ஆயுள் நீளாவிட்டால் அதற்குப் பயனில்லை என்று யார் சொல்வது?

அடுத்தது கீமோதெரபி. ஒரே தியானம்தான், சிகிச்சைக்குப் பதிலாகச் செய்தால் அது மாற்று மருத்துவம், சிகிச்சையோடு செய்தால் துணை மருத்துவம், சிகிச்சை தருவோர் அறிந்து திட்டமிட்டுச் சேர்த்தால் ஒருங்கிணைந்த மருத்துவம். இவ்வேறுபாடு வெறும் சொல் விளையாட்டன்று. குணப்படுத்தக்கூடிய நிலையிலிருந்த புற்றுநோய்க்கு மாற்று மருத்துவத்தை மட்டுமே நாடிய 281 பேரை, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட்டு 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வில், அவர்கள் இறக்கும் அபாயம் இரண்டரை மடங்காக இருந்தது. மார்பகப் புற்றுநோயில் ஐந்து மடங்குக்கும் மேல். அதே குழுவினர் அதே ஆண்டு வெளியிட்ட இரண்டாம் ஆய்வு இன்னும் நுட்பமானது. துணை மருத்துவத்தை நாடியவர்களுக்கும் அபாயம் இரு மடங்காக இருந்தது. காரணத்தைத் தேடியபோது, அவர்கள் கீமோதெரபி, கதிர்வீச்சு போன்றவற்றில் ஏதேனும் ஒன்றை மறுத்திருந்ததே பெரும்பாலும் காரணமாயிருந்தது. அவர்களுக்குத் தீங்கு செய்தது தியானமன்று, அதை நம்பிக் கைவிட்ட சிகிச்சைதான். இத்தகைய மருத்துவ முறைகளை ஆராயும் அமெரிக்க அரசின் மையம்கூட, 1998 முதல் தன் பெயரில் வைத்திருந்த ‘மாற்று’ என்ற சொல்லை 2014இல் நீக்கி, ‘ஒருங்கிணைந்த’ என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டது.

ஆகவே அக்காவிடம் தியானத்தை விடச் சொல்லாதீர்கள். புற்றுநோய் மருத்துவச் சங்கங்களே 2023இல் வெளியிட்ட நெறிகளில், சிகிச்சைக் காலத்துப் பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் மைண்ட்ஃபுல்னஸ் பயிற்சியைப் பரிந்துரைத்துள்ளன. பின்னாளில் ஹார்மோன் மாத்திரைகளால் மூட்டு வலி வந்தால் அக்குபங்சர் உதவக்கூடும். ஆனால் கீமோதெரபியின்போது இரத்தத்தில் வெள்ளணுக்களோ இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களோ குறைந்திருக்கும் நாட்களில் ஊசி குத்திக்கொள்ளும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். கீமோதெரபியின் முதல் நாள் அவரோடு நீங்களும் செல்லுங்கள். காத்திருக்கும் நேரத்தில் இருவருமாகச் சேர்ந்து மூச்சை எண்ணுங்கள்.

கேள்வி: எல்லோரும் தியானத்தில் அமைதி கிடைக்கிறது என்கிறார்கள். கண்ணை மூடி உட்கார்ந்தால் எனக்கோ நெஞ்சு படபடக்கிறது, பழைய நினைவுகள் வந்து வாட்டுகின்றன. என்னிடம்தான் கோளாறா?

பதில்: உங்களிடம் கோளாறில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வெளியான மதிப்பீடொன்றில், தியானம் செய்தோரில் ஏறத்தாழ 8 விழுக்காட்டினருக்கு விரும்பத்தகாத விளைவுகள் பதிவாகியிருந்தன. அவற்றுள் பதற்றமே முன்னிலை. கடந்த காலத்தில் கடுமையான அதிர்ச்சிக்கு ஆளானவர்களுக்குக் கண்ணை மூடிய அமைதியே அச்சமூட்டுவதாக அமையலாம். அத்தகைய நினைவுகள் பகலிலும் துரத்தினால் மனநல மருத்துவரைப் பார்ப்பதே முதல் வேலை. பத்து நாள் மௌன முகாம் போன்றவற்றில் இப்போது சேர வேண்டாம்.

மற்றபடி, தியானம் ஒன்றுதான் வழி என்று எவரும் விதிக்கவில்லை. எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் 1929இல் வெளியிட்ட தசைத் தளர்வுப் பயிற்சியில் மனத்தோடு மல்லுக்கட்டத் தேவையே இல்லை. கண்ணைத் திறந்தபடியே நாற்காலியில் சாய்ந்துகொள்ளுங்கள். வலக்கை விரல்களை மடக்கி ஐந்து வினாடி இறுக்குங்கள். முழங்கை வரை அந்த இறுக்கம் ஓடுவதைக் கவனியுங்கள். பிறகு சட்டென்று விட்டுவிட்டு, இருபது வினாடி அந்தக் கை எப்படி இருக்கிறது என்று மட்டும் பாருங்கள்; இளஞ்சூடும் பாரமும் தெரியும். அடுத்து இடக்கை, பிறகு தோள்கள், முகம், வயிறு, தொடை, பாதம் என்று வரிசையாகச் செல்லுங்கள். வலியுள்ள இடத்தை இறுக்காமல் தாண்டிவிடுங்கள். கெண்டைக்காலை மட்டும் மெதுவாக இறுக்குங்கள், இல்லையேல் தசை பிடித்துக்கொள்ளும். இடையில் தூக்கம் வந்தால் வரட்டும், மீதியை நாளை செய்துகொள்ளலாம்.